கார்டு புதுசு, ஃப்ரேம் பழசு: ப்ராசஸர் மாற்றிய கதை

மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்து நின்ற கேபினெட்டின் பக்கத் தகட்டை நேற்று இரவுதான் எடுத்து மாட்டித் திருகு போட்டேன். கேம் இப்போது நான் ஆசைப்பட்ட மாதிரி ஓடுகிறது. ஆனால் நேராக வந்து சேரவில்லை, சுற்றிச் சுற்றித்தான் வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தவை: ரைசன் 5 2600 ப்ராசஸர், ஒரு பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி இரண்டு, ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். விளையாடுவது பெரும்பாலும் இரண்டே கேம்கள்: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, சைபர்பங்க் 2077. இரண்டுமே திக்கின. கேம் திக்குகிறது என்றால் யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: கார்டை மாத்து. மாற்றினேன். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வந்தது. 650 வாட் பவர் சப்ளை ஏற்கெனவே இருந்ததால் வேறு செலவில்லை.

அன்று இரவே கவுன்டர்-ஸ்ட்ரைக்கைத் திறந்தேன். பழைய கார்டில் விநாடிக்குச் சராசரி 141 ஃப்ரேம், அதாவது திரையில் 141 படங்கள். புதியதில் 149. கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு முறை ஓடவிட்டேன், அதே 149. 1 சதவீத லோ 62ல் இருந்து 63க்கு ஏறியிருந்தது. வந்ததிலேயே மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃப்ரேம்களின் கணக்கு அது. எதிரி மூலையில் திரும்பும் நொடியில் மவுஸ் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறதே, அந்தத் திக்கல் இந்த எண்ணில்தான் தெரியும். சராசரி 149 என்று மார்தட்டிக்கொள்ளலாம், கை என்னவோ 63ஐத்தான் உணர்கிறது.

இத்தனை பணத்தைப் போட்டு ஒரே ஒரு ஃப்ரேம். அப்போதுதான் அளக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. கார்டு வாங்குவதற்கு முன்பே வந்திருக்கலாம்.

அளக்க வைத்துக்கொண்டவை மூன்று. திரையின் மூலையில் எண்களைக் காட்ட ஆஃப்டர்பர்னரும் ரிவாட்யூனரும், ஓட்டத்தைப் பதிவு செய்யக் கேப்ஃப்ரேம்எக்ஸ், எல்லாவற்றையும் எழுத ஒரு நோட்டு. சைபர்பங்கில் அதற்குள்ளேயே பென்ச்மார்க் இருக்கிறது, ஆனால் அதில் ப்ராசஸருக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே கூட்டம் நெரியும் சந்தைப் பகுதியில் ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டேன். படிக்கட்டில் தொடங்கி, கடைகள் வழியாக, 60 விநாடி நடை. ஒவ்வொரு முறையும் அதே பாதையில் மூன்று தடவை நடந்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்வேன்.

முதல் நாள் அளந்ததெல்லாம் வீண். எங்கே போனாலும் 60ஐத் தாண்டவில்லை. அரை மணி நேரம் குழம்பிய பிறகுதான் தெரிந்தது, பழைய கார்டு காலத்தில் ரிவாட்யூனரில் சைபர்பங்குக்கு மட்டும் நானே வைத்த 60 ஃப்ரேம் வரம்பு அப்படியே இருக்கிறது என்று. அதை எடுத்தேன், மானிட்டரின் வேகத்தோடு ஃப்ரேமைக் கட்டிவைக்கும் வி-சிங்கையும் அணைத்தேன், முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் நாள் சந்தை நடை: சராசரி 58, 1 சதவீத லோ 41, கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 60 சதவீதம். ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கினேன். கார்டுக்கு வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது, ஃப்ரேம் 59. நிழல், டெக்ஸ்சர் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன், 59. கூட்ட அடர்த்தி என்ற ஒரே ஒரு செட்டிங்கைக் குறைத்தேன், 67. அந்த ஒன்றுதான் ப்ராசஸரின் வேலை. வழியில் போகும் ஒவ்வொரு ஆளும் எங்கே நடக்க வேண்டும், எதில் இடிக்கக் கூடாது என்று கணக்குப் போடுவது அங்கேதான் நடக்கிறது. ஒளி போகும் பாதையைக் கணக்குப் போட்டு வரையும் ரே டிரேசிங்கையும் ஆன் செய்து பார்த்தேன். அது கார்டின் தலைவலி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். காட்சியின் அமைப்பை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தயார் செய்துகொடுக்கும் வேலை ப்ராசஸர் மீதும் விழுகிறது, ஃப்ரேம் இன்னும் இறங்கியது.

இங்கே நான் பல மாதங்களாக ஏமாந்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜர் அப்போதெல்லாம் ப்ராசஸர் 48 சதவீதம் என்றுதான் காட்டும். பாதிதானே ஓடுகிறது, குற்றம் ப்ராசஸரில் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். 2600ல் ஆறு கோர், அதாவது கணக்குப் போடும் பகுதிகள். அவற்றில் ஒரே நேரத்தில் 12 திரெட், அதாவது 12 வேலை வரிசைகள் ஓடும். கேமின் முக்கியத் திரெட் ஒன்று மூச்சு முட்ட ஓடினாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். சரி, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்றால், விண்டோஸ் அந்தத் திரெட்டை ஒரே கோரில் உட்கார விடுவதில்லை, அங்கும் இங்கும் தூக்கிப்போட்டுக்கொண்டே இருக்கிறது. எந்தக் கோரின் வரைபடமும் உச்சியைத் தொடாது. அதனால் இப்போது ப்ராசஸரின் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. கார்டின் சதவீதத்தைத்தான் பார்க்கிறேன். ஃப்ரேம் வரம்பு எதுவும் இல்லாதபோது கார்டு 95க்கு மேல் இருந்தால் கார்டுதான் திணறுகிறது. 60, 70 என்று சும்மா உட்கார்ந்திருந்தால் வேறு எதற்காகவோ காத்திருக்கிறது.

ப்ராசஸர்தான் என்று உறுதியாயிற்று. எதை வாங்குவது? முதலில் மனம் போனது பழைய 2700எக்ஸ் பக்கம். எட்டு கோர், அதே போர்டில் உட்காரும், இரண்டாம் கையில் மலிவு. ஆறைவிட எட்டு பெரிது என்ற கணக்கு. விலை பேசி முடித்து, மறுநாள் வாங்கப் போவதாக இருந்தேன்.

அன்று இரவு ஒரு யோசனை. புதிய ப்ராசஸர் கையில் இல்லை, ஆனால் பழையதை விதவிதமாக முடக்கிப் பார்க்கலாமே? எந்த முடக்கத்தில் அதிகம் வலிக்கிறதோ, அதைத்தான் கூட்ட வேண்டும். இந்த மூன்று வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

முதல் சோதனை, கோர். 2600ன் ஆறு கோரும் மூன்று மூன்றாக இரண்டு குழு. போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில் ஆறை நான்காகக் குறைத்தேன், இரண்டு குழுவிலும் இரண்டிரண்டு இருக்கும்படி. சந்தை நடையில் 58 என்பது 54 ஆயிற்று. மூன்றில் ஒரு பங்குக் கோரை வெட்டி எறிந்தும் நான்கு ஃப்ரேம்தான் போனது. அப்படியென்றால் மேலே இரண்டு கோரைச் சேர்த்து என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது? 2700எக்ஸ்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது, வேகம். கேமில் 3.7 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் ஓடிக்கொண்டிருந்ததை 3.0ல் பூட்டினேன். 58 என்பது 49. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனதற்குக் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அடி. ஒவ்வொரு கோரும் எத்தனை வேகம் என்பதுதான் இந்த கேமுக்கு முக்கியம்.

மூன்றாவது சோதனையைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி செட்டிங்கை அணைத்து 3200ல் இருந்து 2133க்கு இறக்கினேன். ப்ராசஸரைத் தொடவேயில்லை. 58 என்பது 51. அதாவது ப்ராசஸர் பல நேரம் கணக்குப் போடுவதே இல்லை, ரேமிலிருந்து தரவு வருமா வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ப்ராசஸருக்குள்ளேயே தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் எல்3 கேச், 2600ல் 16 எம்பி. அதுவும் ஒரே தொட்டி அல்ல, மூன்று கோருக்கு 8, மற்ற மூன்றுக்கு 8 என்று இரண்டு வாளி. பக்கத்து வாளியில் இருப்பது இந்த மூன்றுக்கும் உடனே எட்டாது.

இந்த மூன்று வரியையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியவுடன் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி கரைந்துவிட்டது. வேகமான கோர், அருகிலேயே பெரிய கேச். என் போர்டில் ப்ராசஸர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் இரண்டு பெயர்தான் மிச்சம். ஒன்று ரைசன் 5 5600. அதே ஆறு கோர்தான், ஆனால் 32 எம்பி கேச் முழுவதும் ஆறு கோருக்கும் பொது, 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதன் பெட்டியிலேயே கூலரும் வரும். இன்னொன்று 2024 ஜனவரியில் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி. வேகம் 4.1 வரைதான், ஆனால் கேச் 96 எம்பி. அடுத்த தலைமுறைச் சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போவதென்றால் டிடிஆர்5 மட்டும்தான், போர்டும் ரேமும் சேர்த்து மூன்றையும் மாற்ற வேண்டும். எனக்கு 5700எக்ஸ்3டிக்கு ஆன தொகை, அந்த மூன்றும் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் பாதியைக்கூடத் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் 5600 எடுத்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன். இந்தப் போர்டில் இனி இன்னொரு ப்ராசஸர் ஏறப்போவதில்லை, கடைசியாக ஏறுவது பெரிதாக இருக்கட்டும் என்ற ஆசை ஜெயித்தது.

அடுத்தது பயாஸ். என் போர்டு 2018ல் வந்த வடிவம், இந்த ப்ராசஸரோ ஐந்தரை ஆண்டு கழித்து வந்தது. பழைய பயாஸோடு மாட்டினால் திரையே வராது. போர்டின் ஆதரவுப் பட்டியலில் எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஏற்கும் என்று பார்த்து, பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே ஏற்ற வேண்டும். என் போர்டுக்கு இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும் என்று பட்டியலில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதைக் கவனித்துவிட்டேன். கவனிக்காதது பெண்டிரைவை. எக்ஸ்ஃபேட்டில் இருந்ததால் பயாஸுக்குக் கண்ணே தெரியவில்லை. ஃபேட்32க்கு மாற்றியதும் தெரிந்தது. இரண்டு ஏற்றத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இனி வருவது வெட்கக்கேடு. பழைய கூலரின் நான்கு திருகையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகக் கழற்றினேன், அது ஒழுங்காகவே நடந்தது. பிறகு கூலரை நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ‘டப்’ என்று வந்தது, அடியில் ப்ராசஸரோடு. ஐந்து வருடத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியேதான் இருந்தது. ஆனால் அது பின்களைப் பக்கவாட்டில் கவ்வுகிறதே தவிர, மேலே இழுத்தால் தடுக்காது. வந்த வேகத்தில் கை கார்டின் விளிம்பில் மோதியது. விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1331 பின்னில் ஓரத்து வரிசையில் நான்கு சாய்ந்து கிடக்கின்றன.

ஹேர் டிரையரால் கூலரின் அடிப்பாகத்தைச் சூடாக்கி, இழுக்காமல் இடம் வலமாகத் திருகியதும் ப்ராசஸர் வழுக்கிக்கொண்டு வந்தது. 0.5 மி.மீ. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டால் அதன் முனைக்குழாய் ஒரு பின்னுக்குள் சரியாக உட்காரும். நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தி, வரிசையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி நிமிர்த்தி. நான்கு பின்னுக்கு நாற்பது நிமிடம். இது விற்கப் போகிற பழைய ப்ராசஸர்தானே என்று தோன்றலாம். அன்றைக்குப் புதியது வேலை செய்யாவிட்டால் திரும்பிப் போக இருந்த ஒரே வழி அதுதான்.

புதியதை வைத்தேன். முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், தன் எடையிலேயே இறங்கவிட வேண்டும். எக்ஸ்3டியின் பெட்டியில் கூலர் கிடையாது. இப்போதைக்கு 2600இன் சின்னக் கூலரே போதும் என்று அதையே மாட்டினேன். பவர் பட்டனை அழுத்தினேன். மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. அரை நிமிடம் பொறுத்துவிட்டுப் பயத்தில் அணைத்தேன். தப்பு. பயாஸ் ரேமைப் பழக்கிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், தானே இருமுறை அணைந்து எழுந்து திரை வந்தது.

வந்த திரையில் ஒரு கேள்வி. புதிய ப்ராசஸர் தெரிகிறது, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம் பதிவை அழிக்கவா, ஒய்யா (Y) என்னா (N)? பலர் இங்கே யோசிக்காமல் ஒய் அழுத்திவிட்டுப் பிறகு தலையில் கைவைக்கிறார்கள். டிரைவ் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் ஒய் அழுத்திய பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். என் டிரைவ் பூட்டியிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. ‘N’ அழுத்தி உள்ளே போனேன். பூட்டித்தான் இருந்தது. சாவியைக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருந்ததால் போனில் எடுத்து ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினேன். உள்ளே போய்ப் பூட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி தொடங்கி ஒய் அழுத்தினேன்.

முதல் சந்தை நடை: 92. சந்தோஷத்தில் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நோட்டில் எழுதும்போதுதான் ரேம் வேகத்தைப் பார்த்தேன், 2133. பயாஸ் ஏற்றும்போது எக்ஸ்எம்பி அழிந்துபோயிருக்கிறது. எதை அணைத்துச் சோதனை செய்தேனோ, அதையே மறந்திருக்கிறேன். 3200க்கு ஏற்றியதும் 97. பழைய ப்ராசஸரில் இதே மாற்றத்துக்கு 51ல் இருந்து 58. புதியதில் 92ல் இருந்து 97தான். பெரிய கேச் இருந்தால் ரேமின் வாசலில் போய் நிற்கும் வேளைகள் குறைகின்றன என்பதைச் சொந்த நோட்டிலேயே பார்த்துக்கொண்டேன்.

1 சதவீத லோ 41ல் இருந்து 72. கார்டின் பயன்பாடு 60ல் இருந்து 92. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சராசரி 149 என்பது 262, லோ 63 என்பது 121. கார்டு வந்த நாளில் எதிர்பார்த்த திருப்தி, இரண்டு மாதம் தாமதமாக வந்தது.

சூடுதான் மிச்சம். சின்னக் கூலரோடு 88 டிகிரி. இந்த ப்ராசஸரின் எல்லை 90. கூடுதல் கேச்சைச் சிப்பின் தலைமேல் அடுக்கியிருப்பதால் சூடு வெளியேறுவதே கொஞ்சம் கஷ்டம். வாட் குறைவாக இருந்தாலும் டிகிரி அதிகம் காட்டும். 120 மி.மீ. மின்விசிறி உள்ள டவர் கூலர் ஒன்று வாங்கினேன். அதைக் கவ்வ ஏஎம்4 போர்டோடு வரும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தாங்கிகள் வேண்டும். திருகும் வகைக் கூலரை மாட்டியபோது ஐந்து வருடத்துக்கு முன் அவற்றைக் கழற்றி ‘பத்திரமாக’ வைத்திருந்தேன். அந்தப் பத்திரமான இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை கம்ப்யூட்டர் வாயைத் திறந்தபடி கிடந்தது. மாட்டிய பிறகு கேமில் 71, 72 டிகிரி.

இதையெல்லாம் கேட்ட நண்பன் ஒருவன் தானும் ப்ராசஸர் மாற்றப் போவதாகக் கிளம்பினான். அவனிடம் என்னுடையதைவிடப் பழைய கார்டு, மானிட்டர் 4கே. “டேய், முதல்ல கார்டு எத்தனை பர்சென்ட் காட்டுதுன்னு பாரு” என்றேன். 98. அவன் என் ப்ராசஸரையே இலவசமாக வாங்கி மாட்டினாலும் ஒரு ஃப்ரேம் ஏறியிருக்காது. என் கதையின் தலைகீழ் அவனுடையது.

அடுத்த முறை கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய சூட்டிலேயே, இழுக்காமல் திருகி எடுப்பேன். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைப்பேன். பிட்லாக்கரை முந்தின இரவே நிறுத்திவிடுவேன். கூலரை ப்ராசஸரோடு சேர்த்தே வாங்குவேன். அந்த ‘அடுத்த முறை’ எப்போது என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: நான் விளையாடும் கேமில் லோ 60க்குக் கீழே போய், கூட்டத்தைக் குறைத்தும் ஏறாமல், கார்டு மட்டும் சும்மா நின்றால். அதுவரை புது ப்ராசஸர் வெளியாகும் செய்தி எதையும் படிப்பதில்லை என்று முடிவு. எத்தனை நாள் தாங்குமோ.

விற்க நினைத்த 2600ஐ விற்கவில்லை. நான்கு பின் நிமிர்த்தியதைச் சொல்லி விற்க வேண்டும், சொன்னால் யாரும் வாங்கப்போவதில்லை. சித்தப்பா பையனுக்கு ஒரு பழைய போர்டில் அதை உட்காரவைத்து, ஜிடிஎக்ஸ் 1060ஐயும் மாட்டிக்கொடுத்தேன். முதல் முயற்சியிலேயே திரை வந்தது. அவனுடைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். “அண்ணா, சூப்பரா ஓடுது” என்று சைபர்பங்க் ஓடும் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மூலையில் இருந்த எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்டு 99 சதவீதம்.